முப்பத்தோராம் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி

என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில், என் பெயருக்கு இரண்டு வரி கீழே, வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சிட்டிருந்தது. கணவரின் விசாவில் பஹ்ரைனுக்கு வந்த எல்லா மனைவிகளுக்கும் அதே வரிதான். ஈசா டவுனில் எங்கள் கட்டடத்தில் இருந்த மற்ற பெண்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். வீட்டில் டியூஷன் எடுத்தார்கள், புடவை விற்றார்கள், பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுத்தார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. எங்கே என்ன எழுதியிருந்தாலும் அதைப் படித்து அதன்படி நடப்பவள் நான். அந்தப் பழக்கத்தால் நான் இழந்தது ஒரே ஒரு வரி: ஒரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், ‘படங்கள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய என் பெயர்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் அருங்காட்சியகவியலில் டிப்ளமோ முடித்திருந்தேன். ஒரு கல்லூரிச் சேகரிப்பில் எட்டு மாதம், பழைய பொருள்களைப் படம் எடுத்துப் பட்டியலிடும் வேலை. அதற்குள் கல்யாணம், அடுத்த வருடம் மகள். பஹ்ரைனில் என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். மகள் பிறந்தபோது, அப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்த டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினார். நான்கு வருடம் அதில் மகளைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை.

பஹ்ரைனின் பழைய நகரமான முஹரக்கில், முன்பு முத்து வியாபாரம் செய்த ஒரு குடும்பம் தன் பழைய வீட்டைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருந்தது. ஒரு நாள் மகளை அங்கே அழைத்துப் போனேன். வாசலிலேயே, கேமராப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். ஜிப் மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். வெளியே வரும் வழியில் போஸ்ட்கார்டுகள் விற்றார்கள். ஒரு கார்டில் இருந்த தராசுத் தட்டில் படம் எடுத்தவரின் வெள்ளைச் சட்டையும் ஜன்னலும் அப்படியே தெரிந்தன. நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, அங்கே பொறுப்பாளராக இருந்த பெண்மணி அருகில் வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல ஆங்கிலம், நடுநடுவே அரபி.

“என்ன, பிடிக்கவில்லையா?”

பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. பளபளப்பான பொருளை எடுக்கும்போது எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் இருக்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார். சேகரிப்பு முழுவதையும் படம் எடுத்துப் புத்தகம் போடப் போவதாகவும், எடுத்துத் தர ஆள் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

“நீ எடு. புத்தகத்தில் உன் பெயர் வரும்.”

சம்பளம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பளம் இல்லையென்றால் அது வேலையாகாது, விசா வரியை மீறியதாகாது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு முஹரக் போனால், அவள் திரும்புவதற்குள் வந்துவிடலாம். கணவர் உற்சாகமாகத்தான் இருந்தார். “போயேன். வீட்டுல உக்காந்து எத்தன நாளைக்குத்தான் பாப்பாவோட நோட்டுக்கு அட்ட போடுவ?” என்றார்.

அடுத்த நான்கு மாதங்கள், வாரத்துக்கு மூன்று நாள், வடக்குப் பக்க ஜன்னல் இருந்த ஒரு அறையில் வேலை செய்தேன். வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டினேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மகோல் பலகையை வைத்து நிழல் பக்கம் வெளிச்சம் திருப்பினேன். பொறுப்பாளர், உடல் முழுதும் மூடும் கறுப்பு அங்கியான தன் பழைய அபாயா ஒன்றைக் கொடுத்தார். அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இரண்டு பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை மட்டும் வெளியே விடுவேன். உள்ளே வியர்த்துக் கொட்டும்.

பொருள்களை எடுத்துவந்து மேஜையில் வைக்கவும் திருப்பிக் கொண்டுபோகவும் ஒருவர் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஏதோ ஒரு சப்ளைக் கம்பெனி அவரைத் துப்புரவு வேலைக்கு அங்கே அனுப்பியிருந்தது. காலையில், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் பஸ்ஸில் வருவார், மாலையில் அதிலேயே போவார்.

“அக்கா, அதுக்குள்ள எப்புடி மூச்சு வுடுறிய? பூச்சாண்டி கணக்கா இருக்கிய.”

“பேசாம அந்தப் பலகைய கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.”

“புடிக்கிறேன் புடிக்கிறேன். ஏன்க்கா, இத எல்லாம் நீங்க போட்டோ எடுக்கலாம், வாரவுக எடுக்கக் கூடாதாமே? இது யாரு சொத்து?”

டிப்ளமோவில் படித்ததை அவருக்குச் சொன்னேன். இந்தப் பழைய பொருள்களுக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது, செய்தவர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பொருள் வைத்திருப்பவர் தன் வீட்டுக்குள் கேமரா கூடாது என்று சொல்லலாம், அது வேறு. ஆனால் ஒரு கிண்ணத்தை இன்ன பக்கம் திருப்பி, இன்ன வெளிச்சத்தில் வைத்து எடுக்கிறோமே, அந்தப் படம் எடுத்தவருடையது. அவர் எழுதிக் கொடுத்தால்தான் இன்னொருவருக்குப் போகும்.

“அப்ப இந்தப் போட்டோவெல்லாம் ஒங்களுதா?”

“அப்படித்தான்.”

அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த நிமிர்வை இப்போது நினைத்தால் கூசுகிறது.

முத்துச் சல்லடைகளுக்கு வந்தோம். அடியில் துளை போட்ட பித்தளைக் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குபவை. முத்துகளை அளவு பிரிக்க உபயோகித்தவை. கறுத்துப் போயிருந்தன. ஒரு கிண்ணத்தில் தூசி அதிகமாக இருந்ததால், “நாளைக்கு எடுக்கலாம், இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன். தூசியைத் தட்டச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மகளுக்கு லேசாக உடம்பு சுட்டது. பள்ளிக்கு அனுப்பவில்லை. என்ன செய்வது என்று ஏழு மணி முதல் எட்டு மணி வரை தெர்மாமீட்டரை நான்கு முறை வைத்துப் பார்த்தேன். கடைசியில் மஞ்சள் கவுன் போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல தாய் வீட்டில் இருந்திருப்பாள் என்று டாக்ஸி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

அறைக்குள் நுழைந்தால், மேஜையில் கிண்ணம் புதுக் கல்யாணச் சீர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

“என்ன பண்ணீங்க?”

“புளி போட்டு வெளக்குனேன்க்கா. ரூம்லேருந்து கொண்டாந்தேன். நேத்தே ஊறப்போட்டுட்டேன்ல.”

பழைய உலோகத்தின் மேல் படிந்த அந்தக் கறுப்பைத் தொடவே கூடாது. அதுதான் அதன் வயது. முதல் வாரப் பாடம் அது. சுத்தம் பண்ணுங்கள் என்று தமிழில் ஒரு தமிழரிடம், அதுவும் பித்தளையைக் காட்டிச் சொன்னால், அவர் வேறென்ன செய்வார்? தப்பு என்னுடையது. பொறுப்பாளரிடம் ஓடிப்போய் நானே சொன்னேன். அவர் வந்து பார்த்தார். கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“போனது போனது, கலாஸ். மற்றதைத் தொட வேண்டாம் என்று சொல். ஆனால் இந்த வீட்டுச் சொந்தக்காரப் பெரியவருக்கு இது பிடிக்கும் பார். யல்லா, படம் எடு.”

மகளை எனக்குப் பின்னால் கதவோரம் நாற்காலியில் உட்கார வைத்து, நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு அபாயாவுக்குள் புகுந்தேன். பதினைந்து, இருபது படம் எடுத்திருப்பேன். அந்தக் கிண்ணம் பட்டியலில் முப்பத்தொன்று. மேல் இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வழிந்து துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவ்வளவு நல்ல படம் அதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்ததில்லை.

“அக்கா, இதுல பாதி காப்பிரைட் எனக்கு. புளி என்னோடது” என்றார் அவர்.

மகள் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“அக்கா, ஒரே ஒரு போட்டோ. நான் இந்தச் சட்டியக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி. வூட்டுக்கு அனுப்பணும். மூணு வருசமாச்சு ஊருக்குப் போயி. என்ன வேல பாக்குறேன்னு கேட்டா தூக்குறேன் தொடைக்கிறேன்னுதான் சொல்லியிருக்கேன். நானும் இப்புடி ஒரு எடத்துல இருக்கேன்னு பொண்டாட்டி பாக்கட்டுமே.”

வாசலில் இருந்த பலகை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குத் தந்திருந்த அனுமதி பட்டியலில் உள்ள பொருள்களுக்கு மட்டும். மனிதர்கள் படத்தில் வரக் கூடாது என்று பொறுப்பாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

“ரூல் இருக்குங்க. எனக்குக் கொடுத்த பெர்மிஷன்ல அது இல்ல.”

“யாருக்குக்கா தெரியப் போவுது?”

“தெரியும் தெரியாதுங்கறது இல்ல...”

“செரி வுடுங்க” என்றார். உடனே குனிந்து மகளிடம், “பாப்பா, ஒங்கம்மா போலீசுல சேந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. நானும் பொறுப்பாளரிடம் அவருக்காக அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. அன்று ஏன் கேட்கவில்லை? எனக்குக் கிடைத்திருந்த நல்ல பெயரை வேறொருவருக்காகச் செலவழிக்க மனமில்லை. அவ்வளவுதான் காரணம். நாகரிகமாகச் சொல்ல வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படங்கள். குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தை வடிவமைக்கும் ஸ்டூடியோவுக்கு அவை போயின. முப்பத்தொன்றுதான் அட்டைப்படம் என்று பொறுப்பாளர் சொன்னார். ஒரு தாளை நீட்டி, “உன் பெயரை எழுது. எழுத்துப் பிழை வரக் கூடாது. அப்பா பெயர் முன்னாலா, கணவர் பெயர் பின்னாலா, உன் இஷ்டம்” என்றார். அப்பாவின் இனிஷியலோடு, சர்டிஃபிகேட்டில் இருக்கிற மாதிரி, பெரிய எழுத்துகளில் எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எழுத்துகள் அச்சில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மகிழ்ச்சி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அந்த விசா வரி திரும்ப வந்தது. புத்தகத்தில் பெயர் வந்தால் அது அத்தாட்சி ஆகாதா? யாராவது பார்த்துவிட்டு, இவள் யார், எந்தக் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப்பில் இருக்கிறாள் என்று கேட்டால்? இவருக்கு வேலை போனால்?

“யாரு பாக்கப் போறா? விடு” என்றார் கணவர், கிரிக்கெட் ஸ்கோரிலிருந்து கண் எடுக்காமல்.

அவர் விட்டார். நான் விடவில்லை. அங்கே எதற்கும் என்.ஓ.சி. வேண்டும்: ஆட்சேபணை இல்லை என்று ஸ்பான்சர் கம்பெனி கொடுக்கும் கடிதம். லைசென்ஸ் எடுக்க அது, வீடு மாற அது. நேர்மையாகக் கேட்டால் நேர்மையாகக் கொடுப்பார்கள், பிறகு பயமே இல்லை என்று நினைத்தேன். அந்த வாரம் விசா புதுப்பிப்பதற்காகக் கம்பெனியில் விசா காரியங்களைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ., எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி மூன்று பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிவரச் சொல்லியிருந்தார். நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒரு அருங்காட்சியகத்துக்காக ஊதியமின்றிப் படங்கள் எடுத்திருக்கிறேன், என் பெயர் புத்தகத்தில் வர இருக்கிறது, இதற்குக் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் தர முடியுமா. அதை அழகாக மடித்து, பாஸ்போர்ட்டுகளோடு அதே கவரில் வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. கடிதம் கையில் வந்ததும் காட்டலாம், பாருங்கள் எவ்வளவு சுலபம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மதியம், டியூட்டி நேரத்தில், கணவர் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றவில்லை.

“உன்ன யாரு கேக்கச் சொன்னா?”

நான் அடுப்பை அணைத்தேன்.

“சொல்லு. யாரு கேக்கச் சொன்னா? அந்த பி.ஆர்.ஓ. என்ன கேக்கறான் தெரியுமா? உங்க ஒய்ஃப் எங்க வேல பாக்கறாங்க, எவ்ளோ நாளா பாக்கறாங்க, காசு எவ்ளோன்னு கேக்கறான். மேனேஜர் முன்னாடி. காலேஜ் பையன் மாதிரி நிக்கறேன் நான்.”

“காசு வாங்கலன்னு எழுதியிருந்தேனே...”

“எழுதியிருந்த! அதான பிரச்சனையே. நீ எழுதாம இருந்திருந்தா இது வேலையே இல்ல. இப்ப ஃபைல்ல இருக்கு.”

மகள் சோபாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். மூன்று விசாக்களையும் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து, நான் அங்கே வேலை செய்யவில்லை என்று ஒரு கடிதம் வந்தால்தான் அடுத்த நடவடிக்கை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. இருந்தாலும், எவ்வளவு நல்லாப் படம் எடுத்த, பாவம் என்று ஒரு வார்த்தை அன்று அவர் சொல்லியிருக்கலாம். பிறகும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவர் மேல் அநியாயமாகப் பழி போடுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. இருக்கட்டும், எழுதியதை அடிக்கப் போவதில்லை.

முஹரக்குக்கு இருவரும் போனோம். பொறுப்பாளர் கம்பெனிக்கான கடிதத்தோடு இன்னொரு தாளையும் தயாராக வைத்திருந்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: நான் பார்வையாளராக மட்டுமே வந்திருந்தேன். படங்கள் எதையும் நான் எடுக்கவில்லை. அவற்றின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோரமாட்டேன். என்னிடம் எந்தப் பிரதியும் இல்லை. கீழே கையெழுத்துக்கு இடம்.

“அப்படியானால் யார் எடுத்தது?” என்று கேட்டேன். அந்த நான்கு மாதங்களில் நான் கேட்ட ஒரே நேரான கேள்வி அதுதான்.

பொறுப்பாளர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். என் மகள் பெயருக்கு முன்னால் ‘உம்’ சேர்த்துத்தான் அவர் என்னைக் கூப்பிடுவார்; இன்னாருடைய அம்மா என்று பொருள். அப்படிக் கூப்பிட்டு, “வடிவமைத்த ஸ்டூடியோவின் பெயரைப் போடுகிறார்கள். யாராவது எடுத்திருக்க வேண்டும் இல்லையா? இது வெறும் தாள். உன் குழந்தையை நினை” என்றார்.

குழந்தையை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் நான்காவது விஷயம் இன்னும் உண்மையாகவில்லை. என்னிடம் பிரதி இருந்தது: கணினியில் ஒன்று, இன்னொரு தகட்டில் ஒன்று. கிளம்பும்போது பொறுப்பாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கண்ணைச் சிமிட்டி, “யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்றார். நான்கு மாதத்துக்குள் மூன்றாவது ஆளாக அவரும் என்னிடம் அதைச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் தகட்டைப் புடவைக்கு நடுவே வைத்திருப்பார்கள். நான் பொய்க் கையெழுத்துப் போட்டவளாக இருக்க விரும்பவில்லை. படங்களை நான் எடுக்கவில்லை என்று போட்டதே பொய்தான், அது என் புத்தியில் ஏறவில்லை. அன்று மாலை இருநூற்றுப் பதினான்கையும் அழித்தேன். தகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். துண்டுகள் சமையலறை முழுக்கத் தெறித்தன. மகள் காலில் குத்திவிடுமே என்று மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

விசாக்கள் வந்தன. சில மாதங்கள் கழித்து ராமநாதபுரத்துக்காரர் போன் செய்தார். “அக்கா, பொஸ்தகம் வந்துருச்சு. வாரியளா?”

டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகவே போனேன். பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார்; எனக்கென்று ஒரு பிரதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அட்டையில் கிண்ணம் தங்கம் போல் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் படங்கள் என்று போட்டு ஸ்டூடியோவின் பெயர். அதன் கீழே, எழுத்து மூலமான அனுமதியின்றி இப்புத்தகத்தின் எந்தப் படத்தையும் எவரும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி.

ராமநாதபுரத்துக்காரர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“ஒங்க பேரு எங்கக்கா?”

“இல்லைங்க.”

“இல்லயா? பொறவு?” அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நல்லாயிருக்கு போங்க. ஒங்க பேரும் இல்ல, என் மூஞ்சியும் இல்ல. சட்டி மட்டும் இருக்கு.”

அடுத்த மாதம் காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னார். என் பையில் கேமரா இருந்தது. வாசலுக்கு வெளியே, தெருவில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கலாம். அங்கே பலகை எதுவும் இல்லை. தோன்றவில்லை. என் துக்கம் அவ்வளவு பெரிதாக இருந்தது எனக்கு.

வீட்டில் அட்டையை ஜன்னலருகே வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கிண்ணத்தின் விளிம்பில், கறுப்பாக அபாயா பிரதிபலிக்கும் இடத்தின் ஓரத்தில், எள்ளளவு மஞ்சள். முதலில் அச்சுப் பிசகு என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. நாற்காலியை விட்டு இறங்காதே என்று சொல்லியும் மகள் இறங்கி வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் கவுன்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாரு, அட்டைல நீ இருக்க.” அவளுக்கு ஒரே குஷி. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் புத்தகத்தை எடுத்துவந்து, “திஸ் இஸ் மீ” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் அது பிழை. பொருளில் எடுப்பவர் பக்கம் இருக்கும் எதுவும் தெரியக் கூடாது. போஸ்ட்கார்டில் அதே பிழையைக் குறை சொல்லித்தான் உள்ளே போனவள் நான். ஒரு வாரம் தவித்துவிட்டுப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அட்டைப் படத்தில் விளிம்பில் ஒரு பிரதிபலிப்பு இருக்கிறது, என் கவனக்குறைவு, மன்னிக்கவும். அனுப்பிய பிறகுதான், படங்களை எடுக்காதவள் எப்படிக் கவனக்குறைவாக இருக்க முடியும் என்று உறைத்தது. அவர் இரண்டு வரியில் பதில் போட்டார்: அடுத்த பதிப்பில் சரி செய்துவிடுகிறோம், உனக்கு நல்ல கண்.

இரண்டு வருடம் கழித்து கணவருக்கு ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் ஒன்றான ராஸ் அல் கைமாவில், செராமிக் ஃபேக்டரி ஒன்றில் வேலை கிடைத்து அங்கே போனோம். பக்கத்து எமிரேட்டில் ஒரு பழம்பொருள் சேகரிப்புக்குப் படம் எடுத்துப் பட்டியலிட ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. இந்த முறை முறையான வேலை, முறையான விசா. நேர்காணலுக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பக்கங்களைப் புரட்டினார், பாராட்டினார், இரண்டாம் பக்கத்துக்கு வந்தார்.

“இங்கே வேறு பெயர் இருக்கிறதே?”

சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் நம்பிக்கை போய் வெறும் மரியாதையாக மாறிக்கொண்டே போனது. உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதமும், நீங்கள் எடுத்ததாகச் சொல்லும் படம் ஒன்றை உபயோகிக்க அனுமதியும் வாங்கி அனுப்புங்கள் என்றார்.

முஹரக்குக்கு எழுதினேன். பழைய பொறுப்பாளர் இப்போது அங்கே இல்லை. புதியவர், என் பெயரில் எந்தப் பதிவும் இல்லாததால் கடிதம் தர இயலாது என்று எழுதி, ஒரு படிவத்தை இணைத்திருந்தார். எந்தப் படம் வேண்டும், எதற்காக வேண்டும் என்று கேள்விகள்; படத்துக்குக் கீழே போட வேண்டிய வாசகத்தை அவர்களே கொடுத்திருந்தார்கள். நிரப்பி அனுப்பினேன். பத்து நாளில் முப்பத்தோராம் படம் வந்தது.

மகளுக்கு ஏழு வயதாகியிருந்தது. என் தோளில் தாடையை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

“அம்மா, இதுல நான் எங்க?”

விளிம்பைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வழவழவென்று பித்தளை. அபாயாவின் கறுப்பைக்கூடத் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். புளி போட்ட மாதிரி.

“இல்லடா. சரி பண்ணிட்டாங்க.”

“யாரு சரி பண்ணச் சொன்னாங்க?”

அவள் போய்ப் பழைய புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று நான் நினைத்தது அவளைப் பற்றியல்ல. அந்த ராமநாதபுரத்துக்காரரைப் பற்றி. அவர் கேட்டபோது ஒரு படம் எடுத்திருந்தால், அது பட்டியலில் இருந்திருக்காது. தகட்டில் போயிருக்காது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதற்கு இடமே இல்லை. மின்னும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, கேம்ப் சட்டையில், பெருமையாக நிற்கும் ஒரு ஆள், அவர் வீட்டுச் சுவரில் இருந்திருப்பார். யார் எடுத்தது என்று கேட்டால், அங்கே ஒரு அக்கா எடுத்தாங்க என்று சொல்லியிருப்பார். அந்தச் சேகரிப்பில் என்னுடையதாக இருந்திருக்கக்கூடிய ஒரே படம் அதுதான். அதை எடுக்க முடியாது என்று சொன்னவள் நான்.

படிவத்தில் கொடுத்திருந்த வாசகம் ஸ்டூடியோவின் பெயரில் தொடங்கி அருங்காட்சியகத்தின் பெயரில் முடிந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில் படத்தை ஒட்டி, அதன் கீழே அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லையே என்று படிவத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.